பனிப்பாதையில் துவக்கு அக்கா

1

எங்கள் வீட்டில் ஒரு நாளுக்கு மட்டும் பெயர் இல்லை. அது பிறந்தநாளும் இல்லை, கலியாண நாளும் இல்லை. தைப்பொங்கலுக்கு மூன்று நாள் முந்தி வரும் அந்த நாளில்தான் நானும் இவரும் ஜேர்மனியில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் றப்பர் செருப்போடு பனிக்குள் இறங்கினோம். வருடா வருடம் அன்றைக்கு இவர் பச்சரிசியும் பயறும் போட்டு ஒரு சட்டி சர்க்கரைப் புக்கை காய்ச்சுவார். இருவரும் அதிகம் கதைக்காமல் சாப்பிட்டு முடிப்போம்.

இந்த வருடம் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. விடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். ஹம் நகரத்திலிருந்து தெற்கே, காரில் ஒன்றரை மணித்தியாலம் போனால் வரும் மலைக்காட்டில், செத்த மான் ஒன்றைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக் கயிறு கட்டி இழுத்து வந்துகொண்டிருந்தேன். தோளில் துவக்கு. பின்னாலிருந்து ஒரு மனிதர் "ஹால்ட்" என்று கத்தினார். நான் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் இப்போதே நெற்றியைச் சுருக்கியிருப்பீர்கள். அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற மனுசி, வயோதிபர் இல்லத்தில் வேலை, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாதவள், இவளுக்கு என்ன துவக்கும் மானும் என்று. கோயிலில் இங்கேயும் அதைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கண்டால் "துவக்கு அக்கா வாறா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள். அதே வாய்கள்தான் பிறகு ஒதுக்குப்புறமாக வந்து, "அக்கா, மான் பங்கு ஏதும் இருக்கோ?" என்றும் கேட்கும்.

2

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பொலிஸ்காரர் பாதியில் விட்ட வசனம்.

சில வருடங்களுக்கு முன்னால், பின்னேர வேலை முடிந்து வரும்போது எங்கள் காரின் முன்னால் ஒரு மான் பாய்ந்தது. காரின் மூக்கு நசுங்கியது, மான் அந்த இடத்திலேயே செத்தது. பொலிஸ் வந்தது. அவர்கள் கூப்பிட, பச்சை உடுப்புப் போட்ட வேட்டைக்காரர் ஒருவர் வந்து மானைத் தூக்கித் தன் வண்டியில் போட்டார். நல்ல கொழுத்த மான். வன்னியில் சாப்பிட்ட மான் வத்தலின் ருசி என் நாக்கில் வந்து நின்றது.

"இடிபட்டது எங்கள் கார். மானை நாங்கள் எடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

எடுத்தால் களவு என்றார் பொலிஸ்காரர். வேட்டை உரிமை யாரிடம் இருக்கிறதோ மான் அவருக்குத்தான். அந்த உரிமைக்கு என்ன செய்ய வேண்டும் என்று விடாமல் கேட்டேன். இவர் காருக்குள் இருந்து, "இஞ்சரும், பேசாமல் வந்து ஏறும்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பரீட்சை எழுதவேண்டும். மிகவும் கடினம். எங்கள் ஆட்களே பெயிலாவார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு..." என்று சொன்னவர், மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

மிச்சத்தைச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். விழுங்கியபடியால்தான் அடுத்த கிழமையே விண்ணப்பக் கடதாசியோடு போய் நின்றேன்.

எட்டு மாதம் வகுப்பு. வகுப்பு முழுக்க ஆண்கள், இரண்டு இளம் பெண்கள், பிறகு நான். இந்த நாட்டு வேட்டைக்காரர்களுக்குத் தனிப் பாஷை ஒன்று உண்டு. மானின் காதுக்கு ஒரு பெயர், கண்ணுக்கு ஒரு பெயர். இரத்தத்தை இரத்தம் என்று சொல்லக் கூடாது, வேர்வை என்று சொல்ல வேண்டும். எனக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. இரத்தத்தை இரத்தம் என்று சொல்லாத செய்திகளைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

முதல் தடவை சுடும் பரீட்சையில் பெயில். குறி தவறியதால் அல்ல. என் முறை வருவதற்கு முன்னாலேயே பக்கத்தில் நின்றவர் சுட்டார், நான் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டேன். மயக்கம் போட்டுவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நின்று சுட்டேன். பாஸ்.

ஒரு விசயம் மட்டும் எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவைப்படவில்லை. மான் விழுந்ததும் ஒரு சிறு கிளையை முறித்து அதன் வாயில் வைக்க வேண்டும். கடைசிக் கவளம் என்பார்கள். மற்றவர்கள் அதை ஏன் எதற்கென்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது நான் பேனையை மூடி வைத்துவிட்டேன். வாய்க்கரிசி போடத் தெரியாதவளா நான்?

3

வேட்டைப் பத்திரம் கையில் இருந்தால் போதாது, காடும் வேண்டும். தனியார் காடுகள் எங்களுக்கு எட்டாது. அரசாங்கக் காட்டில் ஒரு பகுதியில் ஒரு வருடத்துக்கு மட்டும் வேட்டையாட விடும் அனுமதிச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதற்கும் ஒரு அன்ட்ராக், விண்ணப்பம் எழுதினேன். மூன்றாம் முறை கிடைத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. காட்டில் மான் கூடி, நட்ட கன்றுகளை எல்லாம் கடித்துவிடுகிறது. ஆகவே எனக்குக் கொடுத்த துண்டில் இரண்டு பெட்டை மான்களைக் காலம் முடிய முந்திச் சுட்டே ஆக வேண்டும். சுடாவிட்டால் அடுத்த வருடம் சீட்டு வேறொருவருக்கு. பெட்டை மானுக்கான காலம் ஜனவரி நடுவோடு முடிகிறது.

இங்கேதான் நான் ஒரு கணக்கைப் பிழைக்க விட்டேன். இலையுதிர் காலத்தில் இல்லத்தில் ஆள் இல்லை, வேலைக்கு மேல் வேலை. மார்கழியில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மார்கழியில் திருவாதிரைக்கு முந்திய பத்து நாளும் எங்கள் வீட்டில் மரக்கறிதான், மச்சச் சட்டி கீழ் அறைக்குப் போய்விடும். அந்தப் பத்து நாளும் ஒரு உயிரைக் கொல்ல என்னால் முடியாது. வன அதிகாரி, நாற்பது வயதுப் பெண், போன் எடுத்து, "பனி பெய்யப்போகிறது, இப்போதே வந்துவிடுங்கள்" என்றா. விரதம் என்றேன். வேட்டைக்காரிக்கு விரதமா என்று அவ கேட்கவில்லை, எப்போது முடிகிறது என்று மட்டும் கேட்டா.

திருவாதிரை முடிந்தது, பனி கொட்டியது. காட்டு ரோட்டில் முழங்கால் அளவுக்குப் பனி, மானுக்குக் காத்திருக்கும் என் பரணுக்குப் போக வழியில்லை. ஒரே ஒரு வழிதான் நடக்கக்கூடியதாக இருந்தது. அந்த ஊர்ப் பனிச்சறுக்குக் கழகம் ஒரு மோட்டார் சறுக்குவண்டி வைத்திருக்கிறது. ஸ்கூட்டரின் சில்லைக் கழற்றிவிட்டுப் பட்டி போட்டது போன்ற வண்டி. அதை ஓட்டிப் பனியை அழுத்தி, சறுக்குபவர்களுக்கு இரண்டு கோடும் போட்டுவிடுவார்கள். அந்தப் பாதை என் காட்டு ரோட்டின் மேலேயே போகிறது. பாதைத் தொடக்கத்தில் ஒரு பலகை, அதில் நடக்கிற மனிதனின் படம், அவன் மேல் சிவப்புக் கோடு.

அந்தப் பலகையை நான் கவனிக்காமல் போகவில்லை. நின்று வாசித்தேன். யார் வைத்தது என்று கீழே பார்த்தேன். கழகத்தின் பெயர் இருந்தது, அரச முத்திரை இல்லை. சீட்டை எடுத்துப் பார்த்தேன், காட்டு ரோட்டுகள் எல்லாவற்றாலும் கால்நடையாகப் போகலாம் என்று இருந்தது. போனேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை என் துண்டில் ஒரு பெட்டை நின்றது. ஒரே வெடி. வாயில் கிளை வைத்தேன், குடலை எடுத்தேன், தொட்டியில் ஏற்றினேன். போகும்போது பாதையின் ஓரத்தால் போனேன். வரும்போது தொட்டி சரிவில் இழுபட்டு, நல்லாகப் போட்டிருந்த கோட்டின் மேல் இருபது முப்பது மீட்டர் தூரம் ஏறிவிட்டது. கோடு அழிந்தது உண்மை, அதை நான் மறைக்கவில்லை.

அப்போதுதான் சறுக்குவண்டிச் சத்தம், பிறகு "ஹால்ட்".

சிவப்பு ஜாக்கெட் போட்ட எழுபது வயது மனிதர். ஹெர் பிராண்ட் என்று பெயர், கழகத்தின் ஆள். விடிய முந்தி எழும்பி, ஊதியம் ஒன்றும் இல்லாமல் பாதை போடுகிறவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கை தூக்கி நின்ற என்னைச் சுற்றி வந்து, துவக்கையும் மானையும் அழிந்த கோட்டையும் போனில் படம் எடுத்தார். பெயர் கேட்டார். சொன்னேன். எழுதுவதற்கு இலகுவாக எழுத்து எழுத்தாகவும் சொன்னேன். அவர் போய், சத்தமும் போன பிறகுதான் என் கை இன்னும் மேலே நிற்கிறது என்று தெரிந்தது.

"ஆமி மறிச்சால் முதல்லை கையைத் தூக்கு, பிறகு யோசி." இது அம்மா எனக்கு வாய்ப்பாடு மாதிரிச் சொல்லித் தந்தது. பதினேழு வயதில், ரியூசனுக்குப் போகும் வழியில், ஆமி நின்ற ஒரு சென்றிக் காவலரணில் சைக்கிளை விட்டுவிட்டுக் கை தூக்கினேன். புத்தகங்கள் சேற்றில் விழுந்தன. பொறுக்கக் குனிந்தால் சுடுவான். வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு ஷோனெஃபெல்டில், துவக்கோடு நின்ற எல்லைக் காவல் பொடியன் ஒருவன் பாஸ்போட்டுக்குக் கை நீட்டியதும் நானும் இவரும் ஒன்றாகக் கையைத் தூக்கினோம். அவன் பயந்துவிட்டான். கையைக் கீழே போடும்படி அவனே கையால் காட்டினான்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு, இந்த நாட்டுப் பாஸ்போட்டும் வைத்துக்கொண்டு, என் தோளிலேயே துவக்கு தொங்க, ஒரு சறுக்குக் கழகக் கிழவருக்குக் கை தூக்கியிருக்கிறேன். காருக்கு வந்து சேரும் வரைக்கும் அந்த வெட்கத்தில் எனக்குக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

5

இந்த நாட்டில் பல் வைத்தியரைச் சந்திக்க ஒரு டெர்மின் எடுக்க மூன்று மாதம் செல்லும். என்மேல் முறைப்பாடு என்றதும் அடுத்த நாளே டெர்மின் கிடைத்தது. வன அதிகாரி அன்றைக்கே போன் எடுத்து, திங்கள் பின்னேரம் வன இலாகாக் கந்தோருக்கு வரச் சொன்னா. ஹெர் பிராண்டும் வருவாராம். முறைப்பாட்டின் பிரதியை ஈமெயிலில் அனுப்பியிருந்தா. ஆயுதம் தாங்கிய பெண் ஒருத்தி தடை செய்த பாதையில் நடந்தாள், பாதையைச் சேதப்படுத்தினாள், சீட்டைப் பறிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

இவர் அதை வாசிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, அதை அப்படியே டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் மகன் நிரோஷனுக்கு அனுப்பிவிட்டுப் போன் எடுத்தார். நிரோஷன் அங்கே படித்து, அங்கேயே எஞ்சினியராக இருக்கிறான். கோபம் வந்தாலும் ஜேர்மன், அன்பு வந்தாலும் ஜேர்மன், தமிழ் அவனுக்குச் சாப்பாட்டு மேசைக்கு மட்டும். அரை மணித்தியாலத்தில் அழகான ஜேர்மனில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினான். இவர் அதை அச்செடுத்து, பேனையையும் பக்கத்தில் வைத்து என் முன்னால் தள்ளினார்.

வாசித்தேன். "வேறு கலாச்சாரத்தில் வளர்ந்தபடியால் இங்குள்ள விதிகளை நான் அறிந்திருக்கவில்லை" என்று இரண்டாவது வரி சொன்னது. திரும்பவும் அவனுக்குப் போன் எடுத்தேன்.

"நிரோஷன், எனக்கு விதி தெரியாதெண்டு ஆர் சொன்னது?"

"அம்மா, அப்படி எழுதினால்தான் அவங்களுக்குப் பாவமா இருக்கும். அதோடை முடிஞ்சிடும்."

"எனக்கு ஆற்றையும் பாவம் வேண்டாம். நான் பரீட்சை பாஸ் பண்ணினனான். பலகையைப் பற்றியும் சீட்டைப் பற்றியும் அந்தாளைவிட எனக்குத்தான் தெரியும்."

அவன் ஜேர்மனுக்கு மாறினான். பொலிசுக்குப் போனால் துவக்குப் பத்திரமும் போய்விடும், பிறகு ஒன்றும் செய்ய ஏலாது, ஏன் எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிறீர்கள் என்றான். அவன் பயந்தது எனக்காகத்தான், அது எனக்கு விளங்கியது. ஆனாலும் என் வயிற்றில் பிறந்த பிள்ளை, என்னை ஒன்றும் அறியாதவளாக எழுதிவைத்த கடிதத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிந்தது.

"கையெழுத்தைப் போடும்," என்றார் இவர். "இந்த நாட்டிலை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தபடியாத்தான் இவ்வளவு காலமும் நிம்மதியா இருந்தனாங்கள்."

"நீங்கள் நிம்மதியா இருந்தியள். நான் பொத்திக்கொண்டு மட்டும் இருந்தன்."

இவர் எழும்பிப் போய்விட்டார். அடுப்பில் அந்த நாளின் புக்கை ஆறி இறுகிப்போய் இருந்தது. எங்கள் வீட்டில் முதல் தடவையாக அதை ஒருவரும் சாப்பிடவில்லை.

6

கந்தோரில் மூன்று கதிரை. சுவர் முழுக்க வரைபடம். நான் அகதி விசாரணைக்குப் போன அதே பழக்கத்தில் எல்லாக் கடதாசியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். மகனின் கடிதமும் கடைசி உறையில் இருந்தது. கையெழுத்து இல்லை.

வன அதிகாரி முறைப்பாட்டைச் சத்தமாக வாசித்தா. கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தா. "அந்தப் பெண் தன் குற்றத்தை உணர்ந்து, உடனடியாக இரண்டு கைகளையும் தூக்கி ஒப்புக்கொண்டார்." நேற்று ஈமெயிலில் கோபத்தோடு வாசித்தபோது என் கண்ணில் படாமல் போன வரி அது.

என் ஜேர்மன் நல்ல ஜேர்மன் இல்லை. கோபம் வந்தால் வினைச்சொல் எங்கேயோ போய் நிற்கும். நிற்கட்டும் என்று எழும்பினேன்.

"நான் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் நாட்டில் ஹால்ட் என்று கத்தியதும் கை தூக்காதவர்களைச் சுட்டார்கள். தூக்கினவர்களில் ஒருத்தி நான். அதனால் தூக்கினேன். அது பழக்கம், குற்ற ஒப்புதல் இல்லை. அந்த வரியை அழியுங்கள்."

பிறகு வரைபடத்தில் விரலை வைத்தேன். இது காட்டு ரோட்டு. இது என் சீட்டு, இதில் காட்டு ரோட்டால் போகலாம் என்று இருக்கிறது. உங்கள் பலகை வேண்டுகோளா, சட்டமா? சட்டம் என்றால் முத்திரையைக் காட்டுங்கள். உங்கள் கோட்டில் முப்பது மீட்டரை அழித்தேன், அதற்கு மட்டும் வருந்துகிறேன். அந்த வேலையின் பாரம் எனக்குத் தெரியும். மற்ற ஒன்றுக்கும் வருந்தவில்லை.

வன அதிகாரி பேனையால் மேசையைத் தட்டினா. "பலகை வேண்டுகோள்தான்," என்றா. "பாதை எங்கள் ரோட்டு. சீட்டு செல்லும்."

ஹெர் பிராண்ட் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். தான் துவக்கைக் கண்டு பயந்துபோனதாகச் சொன்னார். நான் கை தூக்கியதும் தனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டதாம், அந்தப் பயத்தில்தான் படம் எடுத்தாராம். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பேனையைக் கேட்டு வாங்கி, கடைசி வரியைத் தன் கையாலேயே வெட்டினார்.

"ஓரத்தால் நடப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நடப்பேன். பலகைக்காக இல்லை. நீங்கள் விடிய எழும்பிப் போடுகிறீர்கள், அதற்காக."

வெளியே வரும்போது வன அதிகாரி வாசல் வரை வந்து நினைவூட்டினா. "இன்னும் ஒரு பெட்டை மிச்சம். அது இல்லாவிட்டால் அடுத்த வருடத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது." நான் விரலை மடித்தேன். நாளைக்குச் செவ்வாய். நாளையின்றைக்குப் புதன், பொங்கல், அன்றைக்கு மரக்கறி, அதோடு காலமும் முடிகிறது. ஒரு நாள்தான் இருந்தது.

7

செவ்வாய் விடிய நாலரைக்கு நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது இவர் தொப்பி, கையுறை எல்லாம் போட்டு வாசலில் நின்றார்.

"எங்கை வெளிக்கிட்டியள்?"

"உமக்குத் தோள் நோகுது. நான் இழுக்கிறன்." பிறகு செருமிக்கொண்டு, "அந்த வரியை வெட்டினவரெண்டு சொன்னீர். அந்தாளை ஒருக்காப் பாக்கவேணும்," என்றார்.

துவக்குக்குப் பக்கத்தில் வராத மனிதர். என் துவக்குப் பெட்டி கீழ் அறையில் இருப்பதால் அரிசி எடுக்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். கார் நிறுத்தும் இடத்தில் அவரை இருக்கச் சொல்லிவிட்டு, பாதையின் ஓரத்தால் ஏறிப் போனேன்.

பரணில் இருந்தபோது விரல்கள் மரத்துவிட்டன. விடிந்து, வெளிச்சம் நன்றாக வந்து, இனி இல்லை என்று இறங்க நினைத்த நேரம் மூன்று மான்கள் வந்தன. முன்னால் வந்தது குட்டியோடு சேர்ந்த தாய் போலத் தெரிந்தது, விட்டுவிட்டேன். பின்னால் தனியாக ஒரு வயசான பெட்டை. வெடி வைத்தேன். அது நாலடி ஓடி விழுந்தது. கிளையை முறித்து வாயில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தேன். சீட்டு எனக்குத்தான், இன்னும் ஒரு வருடத்துக்கு இந்தக் காடு எனக்கு. பிறகுதான் இவருக்குப் போன் எடுத்தேன்.

இவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். மானைப் பார்த்தார், வாயில் இருந்த கிளையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் போட்டார். இரண்டு பேருமாக ஏற்றினோம். கயிற்றை இவர் தோளில் போட்டுக்கொண்டார். ஓரத்தாலேயே இறங்கினோம்.

பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. வளைவில் சறுக்குவண்டி திரும்பியது, சிவப்பு ஜாக்கெட். எங்களைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, ஹெர் பிராண்ட் கையை உயர்த்தி உரக்க என்னவோ சொன்னார். காலை வணக்கமாகத்தான் இருக்க வேண்டும், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

இவர் நின்றுவிட்டார். தோளிலிருந்து கயிறு நழுவி விழுந்தது. கறுப்புக் கம்பளிக் கையுறை போட்ட இரண்டு கைகளும் இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தன.

நான் குனிந்து பனிக்குள் கிடந்த கயிற்றை எடுத்தேன். இவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இறக்கி, கயிற்றை உள்ளங்கைகளில் வைத்து விரல்களை மூடினேன்.

"ரெண்டு கையாலையும் பிடியுங்கோ," என்றேன். "பாரம்."

இவர் பிடித்தார். ஹெர் பிராண்ட் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றார். நாங்கள் அவரைத் தாண்டி, மானை இழுத்துக்கொண்டு இறங்கினோம்.